புல் டாக்டரும் ஒரு மஞ்சள் திட்டும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அவர்கள் புல்லைப் பார்க்க மாட்டார்கள். புல்லில் என்ன கோளாறு என்றுதான் பார்ப்பார்கள். நீங்களும் நானும் ஒரு வீட்டுக்குப் போகிறோம், வாசலில் பச்சையாகக் கொஞ்சம் புல் கிடக்கிறது, ‘அடடா, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே’ என்று சொல்லிவிட்டு அழைப்பு மணியை அழுத்துவோம். இவர்கள் அழுத்த மாட்டார்கள். கையிலிருக்கும் பழப்பையைக் கீழே வைத்து, முட்டியை மடக்கிக் குந்தி, ஒரே ஒரு புல்லைக் கிள்ளி, அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நுனியைப் பார்த்து, அடியைப் பார்த்து, மோந்தும் பார்த்து, ‘ம்ஹூம்’ என்பார்கள். அந்த ‘ம்ஹூம்’ விழுந்த பிறகு எந்தப் புல்லும் நிம்மதியாக வளர்ந்ததாகத் தெரியவில்லை.

இவர்களை அடையாளம் கண்டுகொள்வது எளிது. கால்சட்டை முட்டியில் இரண்டு மண் வட்டங்கள் இருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பூதக்கண்ணாடி இருக்கும். ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால், தங்கள் சர்க்கரையைப் பற்றியோ மூட்டு வலியைப் பற்றியோ சொல்ல மாட்டார்கள். ‘வடகிழக்கு மூலைதான் கொஞ்சம் சரியில்ல’ என்பார்கள். கல்யாண வரவேற்புக்குப் போனால் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று இவர்களுக்குத் தெரியாது. ஆனால் வாசல் புல் ஏன் பழுத்திருக்கிறது என்று காவலாளியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ‘தண்ணி அதிகம். வேர் மூச்சுத் திணறுது. நான் சொன்னேன்னு சொல்லு’ என்று அரைமணி நேரம் சிகிச்சை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு அவருடைய தெரு வைத்த பெயர் புல் டாக்டர். பெயரைக் கேலியாகத்தான் வைத்தார்கள். அவருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது.

ஓய்வு பெறுவதற்கு முன் புல் டாக்டர் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவர். கட்டடம் கட்டடமாகப் போவார். லிஃப்டுக்குள் தனியாக நின்று, கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு மேலும் கீழும் போய் வருவார். ஏறும்போது ஒரு முனகல், இறங்கும்போது ஒரு செருமல் கேட்டால் போதும். வெளியே வந்து ‘பழுது, உபயோகிக்கக் கூடாது’ என்ற பலகையை மாட்டிவிட்டு, எட்டாவது மாடிக் கிழவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைத் திருப்தியாகப் பார்ப்பார். அவர் பார்வையில் இருந்த லிஃப்டில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. எப்படி விழும்? பாதி லிஃப்டுகள் ஓடவே இல்லையே. சந்தேகம் வந்தால் மூடு, சந்தேகம் தீர்ந்தால் திற என்பது அவருடைய சட்டம். சந்தேகம் தீர்ந்தது என்று அவர் வாயால் கேட்டவர்கள் மிகச் சிலரே.

ஓய்வு பெற்ற மறுமாதம் வீட்டு முன்னால் புல் போட்டார்கள். போடச் சொன்னது அவர் மனைவி. இருபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். சாயங்காலம் அந்தப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. பெரிய ஆசை ஒன்றுமில்லை. மூன்று சாயங்காலம் அப்படிக் குடித்தும் விட்டார்.

நாலாவது நாள் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் திட்டு.

அது என்ன திட்டு என்பது முந்தின நாள் வேலியைத் தாண்டி வந்து, ஒரு காலைத் தூக்கிவிட்டுப் போன தெருநாய்க்குத் தெரியும். இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு மூன்று வாரம் வேறு வேலையைப் பார்த்திருந்தால், பக்கத்துப் புல் வந்து மூடியிருக்கும். ஆனால் ‘சும்மா விடு’ என்ற வைத்தியம் இந்த இனத்தாரின் புத்தகத்தில் இல்லவே இல்லை. புல் டாக்டர் அன்றைக்கே ஒரு முக்காலியும், கோடு போட்ட ஒரு நோட்டும் எடுத்து வந்து, திட்டுக்கு எதிரே உட்கார்ந்தார். புல்தரை ஓரத்தில் ஒரு பலகை முளைத்தது. ‘சிகிச்சையில் உள்ளது. யாரும் மிதிக்கக் கூடாது.’ மனைவியின் டீ சமையலறைக்குத் திரும்பிப் போயிற்று.

பிறகு நடந்ததை அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முதலில் தண்ணீர் குறைவு என்று தீர்மானித்தார். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் குழாயைத் திறந்துவிட்டார். பத்தாம் நாள் புல்லுக்கு நடுவே குடை குடையாகக் காளான் வந்தது. அப்படியானால் இது பூஞ்சைதான் என்று பூஞ்சை மருந்து அடித்தார். மருந்து வேலை செய்வதற்காகத் தண்ணீரை நிறுத்தினார். தண்ணீர் நின்றதால் புல் வாடியது. வாடியதால் சத்துக் குறைவு என்று உரம் வாங்கி வந்தார். பொட்டலத்தில் ஒரு கைப்பிடி என்று போட்டிருந்தது, அச்சடித்தவனுடைய கை சின்னதாக இருந்திருக்கும் என்று இவர் மூன்று கைப்பிடி போட்டார். மஞ்சள் திட்டைச் சுற்றி அழகாக ஒரு பழுப்பு வளையம் வந்தது. மண் புளித்துவிட்டது என்று சுண்ணாம்பு தூவினார். ஒட்ட வெட்டினால் வேர் கெட்டிப்படும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பட்டாளத்தில் சேரப் போகிறவன் தலையைப் போல மொத்தத்தையும் வழித்துவிட்டார். வெயில் நேரே வேரில் இறங்க, களை மட்டும் குஷியாகக் கிளம்பியது.

வேர்ப்புழுவாக இருக்குமோ என்ற சந்தேகமும் வந்தது. வராமல் இருக்குமா? ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றிவிட்டு, கையில் கடிகாரத்தோடு காத்திருந்தார். இருபது நிமிஷம் கழித்து ஒரே ஒரு மண்புழு, தன் பாட்டுக்கு இருந்தவனை எழுப்பிக் குளிப்பாட்டிய கோபத்தோடு மேலே வந்தது. அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, நோட்டில் ‘சந்தேகத்துக்குரிய நபர் ஒருவர்’ என்று எழுதிவிட்டு விட்டுவிட்டார்.

எந்த மருந்து மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அவர் முக்காலியைப் போட்டுத் திட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு கட்டத்தில், வேறு கோணத்திலிருந்து பார்க்கலாமே என்று முக்காலியை நாலடி தள்ளிப் போட்டார். இரண்டு மாதத்தில் அங்கேயும் ஒரு திட்டு வந்தது. அன்று நோட்டில் சிவப்பு மையில் எழுதினார்: ‘பரவுகிறது.’

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு லாரி டிரைவர். மாதத்தில் பதினைந்து நாள் ஊரில் இருக்க மாட்டார். இருக்கும் நாளில், மனசு வந்தால், புல்லை வெட்டுவார். மனசு வராவிட்டால் அதில் படுத்துத் தூங்குவார். அவருடைய புல்லில் பாசி இருந்தது, மஞ்சள் பூப்பூக்கும் களை இருந்தது, ஒரு பழைய டயர் இருந்தது. ஆனால் மொத்தமும் மெத்தை மாதிரி அடர்த்தியாக, கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தது. இதைப் பார்க்கும்போதெல்லாம் புல் டாக்டருக்கு வயிறு எரியும். படிக்காமலே பரீட்சையில் பாஸானவனைப் பார்த்தால் எரியாதா?

ஒருநாள் வேலியோரமாகப் போய்ச் சொன்னார்.

“தம்பி, உங்க புல்லுல பாசி வந்திருக்கு. பாத்தீங்களா?”

“ஆமா சார். அதுவும் பச்சையாத்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.”

“இப்பவே கவனிக்கலன்னா கைமீறிப் போயிடும்.”

“உங்களது எப்படி சார் இருக்கு?” என்று டிரைவர் அக்கறையாகத்தான் கேட்டார். புல் டாக்டர் அதற்குப் பிறகு ஒரு வாரம் வேலிப் பக்கம் போகவில்லை.

இப்படியே நாலு வருஷம் ஓடியிருக்கும். இன்னும் ஓடியும் இருக்கும். ஆனால் ஒரு செய்தி வந்தது. கடல் கடந்து இருந்த மகள், பதினோரு மாதக் குழந்தையோடு அடுத்த மாதம் பத்து நாள் லீவில் வருகிறாள்.

பேத்தியை அவர் ஃபோனில்தான் பார்த்திருக்கிறார். பார்ப்பதென்ன, தினமும் ஃபோனின் கண்ணாடிக்கு முத்தம் கொடுத்து, அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ அடி எடுத்து வைத்துவிடும் என்று மகள் சொன்னபோது, மனிதருக்கு ஆவேசமே வந்துவிட்டது.

“விடாதம்மா! அங்க நடக்க விடாத. டைல்ஸ் வழுக்கும். பாப்பாவோட முதல் அடி நம்ம புல்லுலதான். நான் எதிர்ல உக்காந்து கையை நீட்டுவேன். என்கிட்டதான் வரணும்.”

“அப்பா, அது என்ன என் கையிலயா இருக்கு?”

“உக்கார வெச்சிரு. தூக்கியே வெச்சுக்கோ. நான் இங்க எல்லாத்தையும் சரி பண்ணி வெக்கிறேன்.”

சொன்ன வார்த்தைக்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஒரு மாதம் முக்காலியில் இரண்டு மணி நேரம் நாலு மணி நேரமாயிற்று. தன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குட்டிக் கால்கள் புல்லில் நடப்பதை நினைத்துப் பார்ப்பார். உடனே எழுந்து போய் இன்னொரு மருந்தைக் கரைப்பார்.

மகள் வந்தாள். குழந்தையும் நடக்காமலே வந்து சேர்ந்தது. வாசற்படியில் இறக்கிவிட்டதும், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, புல்லைப் பார்த்து, ‘தா’ என்றது.

“இன்னைக்கு வேண்டாம்” என்றார் புல் டாக்டர். “நேத்துதான் மருந்து அடிச்சிருக்கேன். ரெண்டு நாள் ஆகட்டும்.”

இரண்டு நாள் ஆயிற்று. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனவர், புதிதாக ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து மறுபடியும் அடித்தார். இன்னும் இரண்டு நாள். அதற்குப் பிறகு ஒரு சுண்ணாம்பு. அதற்குப் பிறகு ஒரு காத்திருப்பு. குழந்தை தினமும் வாசலில் நின்று, பலகையின் காலைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியது. அது ஆடுவதைப் பார்த்து அவருடைய மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“என்னங்க, அது என்ன எட்டாவது மாடியிலேர்ந்தா விழப் போகுது? விழுந்தாலும் புல்லு மேலதானே விழும்?”

“சந்தேகம் இருக்கறப்ப விட முடியாது.”

“உங்களுக்கு எப்பங்க சந்தேகம் இல்லாம இருந்திருக்கு?”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பது நாள் போய்விட்டது. பத்தாம் நாள் மதியம் மகளுக்கு விமானம்.

அன்று காலை புல் டாக்டர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். நீளமான ஒரு திருப்புளி. அதை மண்ணில் குத்திப் பார்க்க வேண்டும். சுலபமாக இறங்கினால் மண் பொலபொலவென்று இருக்கிறது, இறங்காவிட்டால் மண் இறுகிவிட்டது, வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகவில்லை என்று அர்த்தம். புல்தரையின் நாலு மூலையிலும் குத்தினார். வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. திட்டில் குத்தினார். நங்கென்று நின்றது. பலங்கொண்ட மட்டும் அழுத்தினார். திருப்புளி வளைந்ததே தவிர, மண் வளைந்து கொடுக்கவில்லை. இரண்டாவது திட்டிலும் அதே கதை.

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று அவர் போட்ட சத்தத்தில் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே மகள், கையில் பாதி மடித்த துணியோடு.

“மண்ணு இறுகிப் போச்சு. சிமெண்டு மாதிரி. இத்தனை வருஷம் மருந்து உள்ள போகவே இல்ல! யாரோ தினமும் இதே இடத்துல மிதிச்சிருக்காங்க. பலகை போட்டிருக்கேன், அப்படியும் மிதிச்சிருக்காங்க. யாரு அது? பால் போடறவனா? உண்மையைச் சொல்லு, நீ சாயங்காலத்துல இங்க வந்து உக்காருவியா?”

மனைவி அவரையே பார்த்தார். பிறகு அவருடைய காலைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். இடுப்பிலிருந்த குழந்தையும், எல்லாரும் பார்க்கிறார்களே என்று எட்டிப் பார்த்தது.

“குனிஞ்சு பாருங்க” என்றார் மனைவி.

குனிந்தார். திட்டுக்கு நடுவே இரண்டு செருப்புகள். செருப்புகளுக்குள் அவருடைய சொந்தக் கால்கள். பின்னால் முக்காலியின் மூன்று கால்கள் மூன்று குழிக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தன. நாலடி தள்ளி இருந்த இன்னொரு திட்டிலும் மூன்று குழிகள்.

புல் டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அது ஒரு நிமிஷம்தான். இந்த இனத்தாரை அவ்வளவு சுலபமாகக் கவிழ்த்துவிட முடியுமா?

“நான் மிதிக்கல” என்றார். “நான் ஆய்வு பண்ணேன்.”

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவிக்கு வரவில்லை. “சரி, காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல? இந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு, புள்ளைய இறக்கி விடட்டுமா?” என்று கேட்டார்.

“அரைமணி நேரம் குடு. ஓட்டை போட்டுக் காத்து விட்டுடறேன். நோய் என்னன்னு தெரிஞ்ச அப்புறம் விட்டா எப்படி?”

இரும்புக் கம்பியை எடுத்து வந்து, விரற்கடைக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக் குத்த ஆரம்பித்தார். பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், ராத்திரிதான் ஊர் திரும்பிய லாரி டிரைவர் பல் குச்சியும் கையுமாக நின்றுகொண்டிருந்தவர், “இங்க கொண்டாங்கம்மா, இங்க பலகை கிலகை ஒண்ணும் இல்ல” என்றார். அவர்கள் போனது புல் டாக்டருக்குத் தெரியாது. அவர் பதினெட்டாவது ஓட்டையில் இருந்தார்.

இருபத்து மூன்றாவது ஓட்டையில் கைதட்டல் கேட்டது. இருபத்து நாலாவதில், “அப்பா! அப்பா, பாருங்க! அப்பா!” என்று மகள் கத்தினாள்.

“இரும்மா, இன்னும் ஆறுதான் பாக்கி.”

“அப்பா, நடக்கறா!”

கம்பியைப் போட்டுவிட்டுத் திரும்பினார். திரும்புவது சுலபம், குந்தியிருந்த முட்டி எழுந்து கொள்ள வேண்டாமா? முட்டியைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, முக்காலியைப் பிடித்து எழுந்து பார்ப்பதற்குள் குழந்தை பாசியும் களையுமான அந்த மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்து, ஒரு மஞ்சள் பூவைப் பிய்த்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அஞ்சு அடி சார்!” என்றார் டிரைவர். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. “என்கிட்ட வந்துச்சு சார். நான் சும்மாத்தான் கையை நீட்டினேன்.”

புல் டாக்டர் வேலிவரை வந்து நின்றார். அந்த ஐந்து அடிக்காகத்தான் அவர் ஒரு மாதம் தூங்காமல் மருந்து கரைத்தார். அது யாரோ ஒருவருடைய கையில் போய் விழுந்துவிட்டது. இனி எந்த மருந்தும் அதைத் திருப்பிக் கொண்டு வராது. அவருக்கு நெஞ்சு நிஜமாகவே வலித்தது. சுற்றிக்கொண்டு வாசல் வழியாக ஓடினார். செருப்பை உதறிவிட்டு, டிரைவரின் புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்து, “பாப்பா, தாத்தாகிட்ட வா. ஒரே ஒரு தடவ. வாடா கண்ணு” என்று கெஞ்சினார்.

குழந்தைகளுக்குக் கணக்கு வழக்கெல்லாம் தெரியாது. பூவைப் போட்டுவிட்டு எழுந்தது. ஆடியது. நின்றது. அவரைப் பார்த்து வந்தது. ஓர் அடி, இரண்டு அடி, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது அடியில் அவர் மடியில் வந்து விழுந்தது. மகள் கைதட்டினாள், டிரைவர் விசில் அடித்தார், மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புல் டாக்டர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

“இடது கால் லேசா உள்பக்கம் திரும்புதே” என்றார். “நாலாவது அடியில நல்லாத் தெரிஞ்சுது. நீங்க யாரும் கவனிக்கல?”

மனைவி மெல்ல வந்து அவர் பக்கத்தில், புல்லில், காலை நீட்டி உட்கார்ந்தார்.

“வரும்போது அவ மூஞ்சியப் பாத்தீங்களா?”

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர், பார்க்காததைப் பார்த்தேன் என்று அறிக்கை எழுதிப் பழக்கமில்லை.

“இல்ல” என்றார்.

“உங்களையே பாத்துச் சிரிச்சிக்கிட்டு வந்தா.”

குழந்தை மடியில் இருந்தது. அவர் அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அது இப்போது சிரிக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுக்கும் வேலையில் மும்முரமாக இருந்தது. மதியம் விமானம் கிளம்பிப் போயிற்று.

பாவம் அந்த மனுஷன் என்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியாதா? ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் சுண்ணாம்பு தூவிய இடத்தில், ‘அடடா, மண்ணைச் சோதிக்காமல் சுண்ணாம்பு போடலாமா?’ என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா இல்லையா? பதினோரு மாதக் குழந்தைக்குக் கால் உள்பக்கம் திரும்புவது சகஜம்தான், அல்லது சகஜமில்லை, என்று ஒரு தீர்ப்பு நாக்கு நுனிவரை வந்ததா இல்லையா? வரவில்லை என்றால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, நிம்மதியாகத் தூங்கப் போங்கள். வந்திருந்தால், இன்று சாயங்காலம் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வீட்டில் யாராவது ஏதோ நல்ல செய்தி சொல்ல, சிரித்துக்கொண்டே உங்களை நோக்கி ஓடி வருவார்கள். அவர்கள் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதைச் சொல்லாமல், அந்தச் செய்தியை முழுவதுமாகக் கேட்டு முடிக்க உங்களால் முடிகிறதா?